அம்மாவின் தீக்காயத்தில் ஆறாம் நாள் பச்சைச் சீழ்: ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டதா, வீட்டிலிருந்து போனதா?

குடியாத்தத்து மகள் | திங்கள், இரவு 11.08

வணக்கம். இங்கே மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை 12 ஆண்டுகளாக இருக்கிறது. போன புதன் மாலை விறகடுப்பில் வெந்நீர் போடும்போது நைலக்ஸ் புடவையின் முந்தானை பற்றிக்கொண்டது. வலது கை முழுவதும், மார்பிலும் வயிற்றிலும் வலப்பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பற்பசை தடவினார். பிறகு வாழைக்குருத்தைச் சுற்றி வைத்தோம். "கையில் வலியே தெரியவில்லை" என்று அம்மா சொன்னதால் எங்களுக்கும் பெரிதாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை குளிர்க்காய்ச்சல் வந்த பிறகுதான் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கேஸ் தாளில் உடம்பில் 18 சதவீதம் வெந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்று காலை கட்டைப் பிரித்தபோது உள்துணி பச்சையாக இருந்தது. எங்கள் ஊரில் சாயத் தொட்டியிலிருந்து நூல் சிட்டத்தை எடுத்து உதறுவார்களே, அந்த நீலம் கலந்த பச்சை. அழுகிய நாற்றம் இல்லை; பழம் கனிந்து விட்டதுபோல ஒரு தித்திப்பு வாடை. "சூடோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம், வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார் டாக்டர். என் தம்பி "ஆஸ்பத்திரியில்தான் ஒட்டிக்கொண்டது" என்று சண்டைக்கே போய்விட்டான். அவன் சொல்வது சரியா? ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காதீர்கள். அம்மா இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறார்.

வெயிலூரான் | இரவு 11.21

தம்பி சொல்வதே சரி. வீட்டில் இரண்டு நாள் இருந்தபோது பச்சை வந்ததா? வார்டில் மூன்று நாள் படுத்ததும் வந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எங்கள் சித்தப்பா கொதிநீர் கொட்டிய காலோடு உள்ளே போனவர், ஒன்றரை மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார். சும்மா விடாதீர்கள்.

இரவுப்பணி | இரவு 11.54

தங்கச்சி, நான் தீக்காயப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். யார் குற்றம் என்பதைப் பிறகு பேசலாம். முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். அம்மா தெளிவாகப் பேசுகிறாரா, அல்லது நேரம் இடம் தெரியாமல் உளறுகிறாரா? சிறுநீர் வழக்கமான அளவு போகிறதா? வயிறு உப்பிச் சாப்பாட்டை ஒதுக்குகிறாரா? காயத்தில் நேற்றுவரை சிவப்பாக இருந்த இடம் இன்று கறுத்தோ ஊதா நிறமாகவோ மாறியிருக்கிறதா? சர்க்கரை திடீரென்று ஏறியிருக்கிறதா?

காய்ச்சலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெரிய தீக்காயம் பட்டவரின் உடம்பு நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், 38.5 டிகிரி எங்களுக்கு அன்றாடம். 39-ஐத் தாண்டினாலோ, அதைவிட முக்கியமாக 36.5-க்குக் கீழே இறங்கினாலோதான் டாக்டரை எழுப்புவோம். "காய்ச்சல் விட்டுவிட்டது சிஸ்டர்" என்று உறவினர்கள் மகிழ்ச்சியோடு வந்து சொன்ன இரவுகளில் நான் ஓடியிருக்கிறேன்.

குடியாத்தத்து மகள் | செவ்வாய், காலை 6.15

தெளிவாகப் பேசுகிறார். சிறுநீர் சரியாகப் போகிறது. காயம் கறுக்கவில்லை. சர்க்கரை மட்டும் 280. பக்கத்திலேயே இருக்கிறேன்.

இரவுப்பணி | காலை 7.02

அப்படியானால் மூச்சு விடலாம். சர்க்கரையைப் பற்றி மட்டும் காலையில் டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும்போது கேளுங்கள். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வெயிலூரான் அண்ணாவின் கணக்கு பார்க்க நேராகத்தான் தெரிகிறது. ஆனால் தோல் வெந்துபோன இடத்தில் முதல் சில மணி நேரம் கிருமி அதிகம் இருக்காது. முதல் 48 மணி நேரத்தில் தலையெடுப்பவை, மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் ஒளிந்து தப்பித்த நம்முடைய சொந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்றவை குடியேறும். அவை நோயாளியின் குடலிலிருந்தும் வரும். குழாயடி, வாளி, எங்கள் கை, உங்கள் கை எதிலிருந்தும் வரும். ஆறாம் நாள் பச்சை என்பது வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய ஆறாம் நாள்தான்.

எங்கள் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரிக்கு ஒரு செவிலியர், இருபது கட்டில் என்ற நிலையில் நானும் வேலை செய்திருக்கிறேன். ஒரு கட்டிலில் போட்ட கையுறையோடு அடுத்த கட்டிலின் திரையை விலக்கியவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையுறை போட்டவரின் கை சுத்தம். நோயாளிக்கு அதனால் என்ன லாபம்?

காட்பாடி சந்திப்பு | காலை 9.40

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஐந்தாம் நாள் கிருமி வரும் என்று முன்பே தெரிகிறது அல்லவா? பிறகு ஏன் முதல் நாளே நல்ல வீரியமான ஆன்டிபயாடிக்காகப் போட்டுத் தடுக்கக் கூடாது? பணம் கட்ட ஆள் இருந்தும் போடாமல் விட்டார்கள் என்று என் நண்பர் ஒருவர் இன்றும் புலம்புகிறார்.

ஆய்வுக்கூடத்தான் | காலை 10.25

கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஊசியில் போடும் மருந்து ரத்தத்தில்தான் பயணம் செய்யும். ஆழமாக வெந்த தோலில் ரத்தக் குழாய்களும் வெந்து அடைத்துவிடுகின்றன. கருகிய அந்தப் பொருக்கு செத்த புரதம். ஈரம் உண்டு, சூடு உண்டு, காவல் கிடையாது. நான் ஆய்வுக்கூடத்தில் தட்டில் ஊற்றிக் கிருமி வளர்க்கும் ஊட்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேராது. ஆனால் உடம்பின் மற்ற இடங்களில் இருக்கும் சாதுவான கிருமிகளையெல்லாம் கொன்றுவிடும். மிஞ்சுவது எதற்கும் மசியாத ரகம். அதன் பிறகு கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்று காளான்கள் வந்து உட்காரும். முன்கூட்டியே ஊசி வேண்டாம், காயத்தின் மேலேயே மருந்தைப் பூசுங்கள் என்ற வழக்கம் இப்படித்தான் வந்தது. 1968-இல் வந்த சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு அந்த வகை. உங்கள் நண்பரின் டாக்டர் பணத்துக்கு ஆசைப்படாமல் இருந்திருக்கிறார். அவர் புலம்பவேண்டிய காரியம் இல்லை.

கல்ச்சர் பற்றியும் ஒன்று. பஞ்சால் துடைத்து அனுப்பியதில் சூடோமோனாஸ் வளர்ந்தது என்றால், காயத்தின் மேல் அது இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். உயிருள்ள சதைக்குள் இறங்கிவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்குச் சிறு சதைத் துண்டு எடுத்து, ஒரு கிராமுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி இருக்கிறதா என்று எண்ணுவார்கள்; நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். அந்தப் பச்சை பயோசயனின் என்ற நிறமி. கண்ணுக்கு மிரட்டலாக இருந்தாலும், இரவுப்பணி அக்கா கேட்ட கேள்விகள்தான் நிறத்தைவிட முக்கியம். எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை ஒற்றைக் கல்ச்சர் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

வெயிலூரான் | காலை 10.48

நல்ல சமாளிப்பு. கிருமி எல்லா இடத்திலிருந்தும் வரும், ஆகவே யாரும் பொறுப்பில்லை. அப்படித்தானே?

ஆய்வுக்கூடத்தான் | காலை 11.10

இல்லை ஐயா. வார்டுக்குப் பொறுப்பு நிறைய உண்டு. ஒரே வாரத்தில் மூன்று நான்கு கட்டில்களில் ஒரே கிருமி, ஒரே மருந்துகளுக்கு மசியாமல் வந்தால் அது வார்டுக்குள் உலவுகிறது என்று பொருள். அப்போது குழாய், வாளி, கட்டு மாற்றும் மேசை எல்லாவற்றையும் தேய்த்துச் சோதிக்கவேண்டும். அசினெட்டோபாக்டர் என்று ஒன்று இருக்கிறது, காய்ந்த கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். "பக்கத்துக் கட்டில்களிலும் இதே கிருமி வருகிறதா?" என்று கேட்பது உறவினரின் உரிமை. கூச்சல் போடுவதைவிட அந்த ஒரு கேள்வி அதிக வேலை செய்யும்.

வாழைத்தோப்பு | மதியம் 1.30

எல்லோரும் வாழைக்குருத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் ஏற்றுகிறீர்கள். மும்பையில் டாக்டர்களே வாழையிலையைத் தீக்காயத்துக்குக் கட்டாகப் பயன்படுத்தி, நன்றாக இருக்கிறது, ஒட்டாமல் வலிக்காமல் உரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் முட்டாள்கள் அல்ல.

இரவுப்பணி | மதியம் 2.15

உண்மைதான் ஐயா. வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் அங்கே அப்படிப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்த இலையைப் பசை தடவித் துணியில் ஒட்டி, நீராவி அழுத்தக் கலனில் வைத்துக் கிருமி நீக்கிய பிறகே காயத்தில் வைத்தார்கள். கொல்லையில் அறுத்து, வேட்டியில் துடைத்துச் சுற்றிய இலை அந்தக் கணக்கில் வராது. பாட்டியிடம் எனக்கு வழக்கில்லை, கொல்லை மண்ணிடம்தான்.

எங்கள் வார்டுக்கு வரும் காயங்களில் இங்க், தோசை மாவு, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு, காபித்தூள் எல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றைச் சுரண்டி எடுப்பதற்குள் நோயாளிக்கு உயிர் போய் உயிர் வரும். இங்க் பூசியிருந்தால் ஆழமே தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் ஆழத்தை மதிப்பிடுகிறோம். அதையே நீலமாக்கிக் கொண்டுவந்தால் என்ன செய்வது?

தங்கச்சி சொன்னதில் என்னை உறுத்தியது இலை அல்ல. "வலியே தெரியவில்லை" என்ற வார்த்தை. மேலோட்டமான காயம்தான் உயிர் போக வலிக்கும். தோலின் முழுக் கனமும் வெந்தால் நரம்பு முனைகளும் வெந்துவிடும். தொட்டால் தெரியாது, வெளுத்தோ தோல் பதனிட்டதுபோல விறைத்தோ இருக்கும். சர்க்கரை 12 ஆண்டு, ஆழமான காயம், 18 சதவீதம், இரண்டு நாள் தாமதம். கிருமிக்கு நான்கு கதவுகள் திறந்திருந்தன. ஐந்தாவது கதவு வார்டில் திறந்திருக்கலாம். இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆரணிக்காரி | மாலை 4.05

18 சதவீதம் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எனக்கு எப்போதுமே புரியாத விஷயம்.

இரவுப்பணி | மாலை 4.20

ஒன்பதின் கணக்கு. பெரியவர்களுக்குத் தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, தொடை இடுக்கு 1. அம்மாவுக்கு ஒரு கை 9, முன்பக்கத்தில் பாதி 9. சிதறலாக இருந்தால் நோயாளியின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து 1 என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்குத் தலை பெரிது, கணக்கு மாறும்.

பாலாற்று மணல் | மாலை 5.50

தீ பட்டதும் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டவேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். வேலூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றி ஊரே சொல்லும். எங்கள் தெருவில் குழாய் வருவதே சில நாளுக்கு ஒரு முறை. மே மாதத்தில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்தால் வருவது வெந்நீர். எந்த ஓடும் தண்ணீர்?

இரவுப்பணி | மாலை 6.30

நியாயமான கேள்வி. மண்பானைத் தண்ணீரோ குடத்துத் தண்ணீரோ போதும். சுத்தமான தண்ணீராக இருக்கவேண்டும், அவ்வளவே. கீழே ஒரு அன்னக்கூடையை வைத்து, செம்பால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் ஈரத்துணியை அடிக்கடி நனைத்துப் போடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால் உடம்பு குளிர்ந்துவிடாமல் மற்ற இடங்களைப் போர்த்துங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

நெறியாளர் | மாலை 6.45

மருத்துவமனைகளின் பெயர் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

குடியாத்தத்து மகள் | புதன், இரவு 8.40

கல்ச்சர் வந்துவிட்டது. சூடோமோனாஸ்தான். இரண்டு மருந்துகளுக்கு மசிகிறதாம். கட்டு மாற்றும்போது நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணி வைக்கிறார்கள். வினிகர் வாடை அடிக்கிறது. சர்க்கரைக்கு இன்சுலின் கூட்டியிருக்கிறார்கள். காயத்தின் மேல் மஞ்சளாக ஒரு படலம் இருக்கிறது. அதுவும் சீழா?

இன்னொன்று. அம்மாவுக்கு முட்டை கொடுக்கச் சொல்கிறார்கள். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் புண் சீழ் வைக்கும், வெறும் ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியும் போதும் என்கிறார். வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படித்தான் கொடுத்துவருகிறோம்.

இரவுப்பணி | இரவு 9.05

ஐந்து நாளாகக் கஞ்சியா!

மன்னியுங்கள், கோபம் உங்கள் மேல் இல்லை. வார்டில் நான் தினமும் போடும் சண்டை இதுதான். மருந்து அலமாரியைப் பூட்டி வைக்கிறோம், திரையைத் துவைக்கிறோம், ஆனால் தூக்குப் பாத்திரத்தில் வீட்டிலிருந்து வரும் பத்தியத்தை எங்களால் பூட்ட முடியவில்லை. தீக்காயம் வழியாக உடம்பின் புரதம் நீராக ஒழுகிப் போகிறது. மிச்சத்தைச் சதையை உருக்கி உடம்பு தானே தின்கிறது. புதுத் தோலும் புரதம்தான், கிருமியோடு சண்டை போடும் அணுக்களும் புரதம்தான். உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை ஒரு நாளைக்கு வேண்டும். அம்மா 60 கிலோ என்றால் 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். ரசத்தில் என்ன இருக்கிறது என்று பெரியம்மாவிடமே கேளுங்கள்.

சர்க்கரைக்காரர் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அளவை உணவியல் நிபுணர் சொல்வார். முட்டை, மீன், பயறு, சுண்டல், தயிர் எல்லாம் கொடுக்கலாம். கொடுத்தே ஆகவேண்டும்.

மஞ்சள் படலம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தான் சொன்ன அந்தச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் காய நீரும் சேர்ந்து உறைந்தது. கட்டு மாற்றும்போது கழுவினால் வழிந்து போகும். சந்தேகம் இருந்தால் சிஸ்டரை அழைத்துக் காட்டுங்கள், நீங்களே சுரண்டாதீர்கள்.

ஆரணிக்காரி | இரவு 9.30

பிள்ளை பெற்றபோது எனக்கும் இதே பத்தியம்தான். தையல் ஆற மூன்று வாரம் ஆயிற்று. பெரியம்மாக்கள் நல்லவர்கள்தான், என்ன செய்வது.

ஆம்பூர் பழனி | இரவு 10.10

தோல் பதனிடும் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒரு செய்தி. கொலாஜன் கட்டு என்று காயத்தின் மேல் கண்ணாடித் தாள்போல ஒட்டுகிறார்களே, அது மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் புரதம். சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் நிறைய வேலை செய்திருக்கிறது. செருப்புக்குப் போகும் தோலிலிருந்து மனிதத் தோலுக்கு மருந்து. அம்மாவுக்கு அதைக் கேட்கலாமே?

இரவுப்பணி | இரவு 10.25

மேலோட்டமான, சுத்தமான, புதிய காயத்துக்கு அருமையான பொருள். கிருமி வைத்த ஆழமான காயத்தின் மேல் ஒட்டினால் அடியில் சீழ் தேங்கும். இப்போதைக்கு வேண்டாம்.

குடியாத்தத்து மகள் | வியாழன், மதியம் 12.20

கையில் கருகிய தோலைச் சீவி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும் என்கிறார்கள். தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். "இருக்கிற புண் போதாதா, தொடையிலும் ஒரு புண்ணா? தானாக ஆறட்டும்" என்கிறான். எனக்கும் பயமாக இருக்கிறது. கண்டிப்பாக வேண்டுமா?

ஆய்வுக்கூடத்தான் | மதியம் 1.00

முன்பு உலகம் முழுக்க உங்கள் தம்பி சொன்னபடிதான் செய்தார்கள்: பொருக்கு தானாக உதிரும்வரை மூன்று வாரம் காத்திருப்பது. அந்த மூன்று வாரமும் கிருமிக்குத் திருவிழா. அன்றைய யூகோஸ்லாவியாவின் மரிபோர் நகரில் சோரா யான்சேகோவிச் என்ற பெண் அறுவை மருத்துவர், முதல் சில நாள்களிலேயே வெந்த தோலை அடுக்கடுக்காகச் சீவி, ரத்தம் துளிர்க்கும் உயிர்ச்சதை வந்ததும் நிறுத்தி, உடனே தோல் ஒட்டினார். 1970-இல் அதை வெளியிட்டார். கிருமியின் சோற்றுப் பானையையே தூக்கி எறிவது அது. ஊசி மருந்து போய்ச் சேராத இடம் என்று சொன்னேனே, அந்த இடமே இல்லாமல் போய்விடும்.

தொடையிலிருந்து எடுப்பது காகிதக் கனத்துக்கு ஒரு மேல் அடுக்கு. மில்லிமீட்டரில் கால் பங்கு அளவு. அது இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். சர்க்கரைக்காரருக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். ஆழமான கைக்காயம் தானாக ஆற மாதங்கள் ஆகும். ஆறினாலும் முழங்கை மடங்கியபடி இறுகிவிடும்.

வெயிலூரான் | மதியம் 1.35

இதில் நான் டாக்டர் பக்கம். சித்தப்பாவுக்கு "தானாக ஆறட்டும்" என்று விட்டதில்தான் அந்த ஒன்றரை மாதம் போயிற்று. கையெழுத்து மறுத்தது எங்கள் பாட்டி. இதை நேற்றே சொல்லியிருக்கவேண்டும், சொல்லத் தோன்றவில்லை. தம்பியின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

இரவுப்பணி | மதியம் 2.10

நன்றி அண்ணா.

தங்கச்சி, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பார்வை நேரத்தில் ஊரே திரண்டு வரவேண்டாம். துணைக்கு ஒருவர் போதும், அவரும் அதே ஆளாக இருக்கட்டும். கட்டிலில் உட்காராதீர்கள். எல்லோரும் வாசலில் கையைக் கழுவுகிறார்கள், உள்ளே வந்ததும் செல்பேசியை எடுக்கிறார்கள், அதே கையால் நோயாளிக்குச் சோறு ஊட்டுகிறார்கள். வெளியூர் உறவினரோடு பேச அம்மாவின் காதில் செல்பேசியை வைப்பதாக இருந்தால் ஒலிபெருக்கியில் போட்டுத் தூரமாகப் பிடியுங்கள். கோயில் திருநீறு நெற்றியோடு நிற்கட்டும், கட்டின் மேல் தூவவேண்டாம். வியர்வையிலோ தண்ணீரிலோ கட்டு நனைந்தால் அடுத்த வேளைவரை காத்திருக்காமல் சொல்லுங்கள். இந்த வெயிலில் அது முக்கியம். சிறுநீர்க் குழாயும் கழுத்து ஊசியும் இருந்தால், "இது இன்றும் வேண்டுமா?" என்று தினமும் ஒரு முறை கேளுங்கள். அவையும் கிருமி நுழையும் வழிகள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

குடியாத்தத்து மகள் | அடுத்த ஞாயிறு, மாலை 5.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெயிலூரான் அண்ணா பேசியபின் தம்பி அன்றிரவே கையெழுத்துப் போட்டுவிட்டான். போன வெள்ளிக்கிழமை கருகியதைச் சீவினார்கள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். காயம் சுத்தமானதும் செவ்வாயன்று தோல் ஒட்டினார்கள். இன்று கட்டைத் திறந்தார்கள். ஒட்டிய தோல் வலை வலையாக, இளஞ்சிவப்பாக இருக்கிறது. முழங்கையில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் மறுபடியும் லேசாகப் பச்சை. பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். காய்ச்சல் இல்லை. சர்க்கரை 160.

பெரியம்மா இன்று தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். திறந்தால் அவித்த முட்டை நான்கு, மேலே மிளகுத்தூள் வேறு. ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தேன். அம்மா மூன்று சாப்பிட்டார். நான்காவதை எனக்குத் தள்ளினார்.

அம்மா கேட்கிறார்: எப்போது அடுப்படிக்குப் போகலாம்?

இரவுப்பணி | மாலை 6.10

அடுப்படி இருக்கட்டும். நாளை முதல் முழங்கையை நீட்டி மடக்கப் பயிற்சி சொல்லித் தருவார்கள், அழுதாலும் விடாதீர்கள். நான்காவது முட்டையை அம்மாவிடமே திருப்பித் தள்ளுங்கள். அந்த நைலக்ஸ் புடவை வீட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது?

குடியாத்தத்து மகள் | மாலை 6.14

ஏழு.